உரிமச் சீட்டும் சமவுரிமையும்: ஜில்லா போர்டுத் தலைவராக ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனார்

மதுரையிலிருந்து திருவில்லிபுத்தூர், இராஜபாளையம் வழியாகத் தெற்கே செல்லும் சாலை சங்கரன்கோவிலைத் தொடுவதற்கு முன் ஒரு மாவட்ட எல்லையைக் கடக்கிறது. இன்று அது விருதுநகர் மாவட்டத்திற்கும் தென்காசி மாவட்டத்திற்கும் இடைப்பட்ட எல்லை. 1920-களில் அது இராமநாதபுரம் ஜில்லாவையும் திருநெல்வேலி ஜில்லாவையும் பிரித்தது. இந்த எல்லை பழமையானதன்று. 1910-இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து இராமநாதபுரம் மாவட்டம் உருவாக்கப்பட்டபோது திருவில்லிபுத்தூரும் சாத்தூரும் திருநெல்வேலியிலிருந்து பிரிந்தன. சங்கரன்கோவில் வட்டம் திருநெல்வேலியிலேயே நின்றது. ஒரே கரிசல் மண், ஒரே வணிக வழி, ஆடித் தபசுக்குக் கோமதியம்மனைக் காண வரும் ஒரே மக்கள் திரள் என எல்லாம் ஒன்றாயிருக்க, ஆட்சி மட்டும் இரண்டாயிற்று.

1927-இல் விருதுநகர்–தென்காசி இருப்புப் பாதை திறக்கப்பட்டபோது சங்கரன்கோவிலுக்குப் புகைவண்டி வந்தது. புகைவண்டியில் கட்டணத்தைப் பொறுத்தே வகுப்பு அமைந்தது. மூன்றாம் வகுப்புச் சீட்டு வாங்கியவர் யாராயினும் மூன்றாம் வகுப்பில் ஏறலாம். அதே காலத்தில் அதே ஊர்களுக்கு இடையே ஓடிய தனியார் மோட்டார் பஸ்களின் நிலை வேறு. ஆதிதிராவிடரைப் பஸ்ஸில் ஏற்ற மறுப்பது தென்மாவட்டங்களில் வழக்கமாயிருந்தது. புதிய வாகனம் பழைய ஊர்க் கட்டுப்பாட்டைத் தன்மீது ஏற்றிக்கொண்டே ஓடியது. இந்த முரணை ஓர் ஆட்சி ஆணையால் எதிர்கொண்டவர், 1928 முதல் 1930 வரை இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராக விளங்கிய ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனார். சுயமரியாதை இயக்க வரலாறுகள் அவ்வாணையை அவரது துணிவுக்குச் சான்றாகக் கூறிக் கடந்து செல்வதே மிகுதி. அந்த ஆணைக்கு வலுவளித்த உள்ளாட்சி அமைப்பின் இயல்பு போதிய கவனம் பெறவில்லை. அவர் வாழ்வை அக்கோணத்தில் நோக்குகிறது இக்கட்டுரை.

மகமை மரபு

சௌந்தரபாண்டியனார் 1893 செப்டம்பர் 15 அன்று பட்டிவீரன்பட்டியில் பிறந்தார். அன்று மதுரை மாவட்டத்திலும் இன்று திண்டுக்கல் மாவட்டத்திலும் அடங்கும் அவ்வூர் கீழ்ப்பழனி மலையடிவாரத்தில் உள்ளது. மலையில் விளையும் காப்பியும் ஏலமும் அவ்வூர் வணிகர் கைவழியே சமவெளிக்கு வந்தன. தெற்கே பனங்காட்டு நிலத்திலிருந்து வடக்கு நோக்கிப் பெயர்ந்து, சாலையோர ஊர்களில் பேட்டை அமைத்து வணிகம் செய்த நாடார் சமூகத்தின் வடபகுதிக் குடியிருப்புகளுள் பட்டிவீரன்பட்டியும் ஒன்று.

அச்சமூகத்தின் வணிக ஊர்களில் உறவின்முறை என்னும் அமைப்பு இயங்கியது. சரக்கின்மீது ஒவ்வொரு வணிகரும் தாமே விதித்துக்கொண்ட மகமை பொதுநிதியாகச் சேர்ந்தது. கிணறு, கோயில், சந்தை, பின்னர்ப் பள்ளிக்கூடம் என அந்நிதி செலவாயிற்று. வரி விதித்தல், கணக்குக் காட்டல், பொதுச் சொத்தைப் பேணல் ஆகிய உள்ளாட்சியின் அடிப்படைச் செயல்கள் அனைத்தும் இங்கே அரசின் சட்டம் வருமுன்பே நடைமுறையில் இருந்தன. ரிப்பன் பிரபுவின் 1882-ஆம் ஆண்டுத் தீர்மானத்தையும் அதன் விளைவான 1884-ஆம் ஆண்டுச் சென்னை உள்ளாட்சிச் சட்டத்தையும் தமிழகத்தில் உள்ளாட்சியின் தொடக்கமாகக் கொள்வோர் இம்மரபைக் கணக்கில் கொள்வதில்லை. ஆயினும் உறவின்முறைக்கு ஒரு வரம்பு இருந்தது. அதன் பொது என்பது ஒரு சாதியின் பொது. மகமை கொடுப்போரும் அதன் பயன் பெறுவோரும் பெரும்பாலும் ஒரே வட்டத்தினர். அவ்வட்டத்துக்கு வெளியே உள்ள வறியவர்க்கு அது பொறுப்பேற்கவில்லை. பொறுப்பேற்கும் தேவையும் அதற்கு இல்லை. சௌந்தரபாண்டியனாரின் பொதுவாழ்வில் நிகழ்ந்த பெரும் மாற்றம் இவ்வரம்பைப் பற்றியதே.

கமுதியும் சிவகாசியும்

அவர் பிறந்த பத்தாண்டில் நாடார் சமூகம் கோயில் நுழைவுக்காகக் கடும் போராட்டத்தில் ஈடுபட்டிருந்தது. சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே உள்ள கழுகுமலையில் 1895-இல் ஊர்வலம் தொடர்பாகப் பெருங்கலவரம் எழுந்தது. 1897-இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தது வழக்காயிற்று. 1899 ஜூன் மாதத்தில் அன்று திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த சிவகாசி தாக்கப்பட்டது. கலவரம் அண்டை வட்டாரங்களுக்கும் பரவியது. கமுதி வழக்கு மாவட்ட அளவில் தொடங்கி, உயர்நீதிமன்றம் சென்று, 1908-இல் இலண்டன் பிரிவி கவுன்சிலில் நாடார்களுக்கு எதிராக முடிந்தது.

இப்போராட்டத்தில் பயன்பட்ட வாதத்தின் தன்மை இங்கே எண்ணத்தக்கது. நாடார்கள் தம்மைச் சத்திரியர் எனவும், தம் முன்னோர் பாண்டிய நாட்டை ஆண்டவர் எனவும் நிறுவ முயன்றனர். சாதி ஏணியில் தமக்கு உரிய படி உயர்ந்தது என்பதே அவ்வாதம். ஏணியே வேண்டா என்பதன்று. 1910-இல் பொறையாறு இரத்தினசாமி நாடார் முயற்சியால் தோன்றிய நாடார் மகாஜன சங்கம் கல்வி, வணிகம், அரசுப் பணி ஆகியவற்றில் கவனம் செலுத்திற்று. 1921-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பையொட்டி அரசு ஆவணங்களில் பழைய சாதிப் பெயர் நீங்கி நாடார் என்ற பெயர் இடம்பெற்றது. இவை பெரும் வெற்றிகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் இவ்வெற்றிகளின் பயன் அச்சமூகத்திற்குக் கீழே வைக்கப்பட்டவர்க்குச் சென்று சேர வழியில்லை. தாம் நுழைய மறுக்கப்பட்ட வாயிலைத் திறப்பதற்காக ஒருவர் நடத்தும் போராட்டமும், அவ்வாயில் எவர்க்கும் மூடப்படலாகாது என்பதற்கான போராட்டமும் ஒன்றல்ல. சங்கத்தின் முன்னணித் தலைவர்களுள் ஒருவராகவும், நீதிக்கட்சி சார்பினராகச் சென்னைச் சட்டசபை உறுப்பினராகவும் வளர்ந்த சௌந்தரபாண்டியனார் முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு நகர்ந்தார். அந்நகர்வைச் செயலாக்கும் களமாக அமைந்தது ஜில்லா போர்டு.

ஜில்லா போர்டின் கைப்பொருள்

1920-ஆம் ஆண்டுச் சென்னை உள்ளாட்சிச் சட்டத்தின்கீழ் ஜில்லா போர்டுகளின் உறுப்பினருள் பெரும்பான்மையினர் தேர்ந்தெடுக்கப்பட்டோர் ஆயினர். சாலைகளும் பாலங்களும், பள்ளிகள், மருத்துவமனைகள், அம்மை குத்துதல், சத்திரங்கள், சாலையோர மரங்கள், குடிநீர்க் கிணறுகள் எனச் சிற்றூர் மக்களின் அன்றாட வாழ்வில் அரசு என்று தென்பட்டவற்றுள் பெரும்பகுதி ஜில்லா போர்டும் அதன்கீழ் இயங்கிய தாலுகா போர்டுமே. நிலவரியோடு சேர்த்துத் தண்டப்பட்ட உள்ளாட்சி வரியும், சாலைச் சுங்கமும் அதற்கு வருவாய் ஈட்டித் தந்தன. 1931-இல் மோட்டார் வாகன வரிச் சட்டம் வரும்வரை சுங்கச்சாவடியில் நின்று பணம் கட்டாமல் எந்த வண்டியும் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு நெடுந்தொலைவு செல்ல இயலாது.

இப்பணிகளோடு மற்றோர் அதிகாரமும் ஜில்லா போர்டுத் தலைவரிடம் இருந்தது. தம் எல்லைக்குட்பட்ட சாலைகளில் கட்டணத்திற்கு ஓடும் மோட்டார் பஸ்களுக்கு உரிமம் தருவது அவர் கையில் இருந்தது. 1912-இல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தஞ்சாவூர்–புதுக்கோட்டை வழியில் பஸ் விட்டதற்குப் பின் பதினைந்தாண்டுக்குள் பஸ் தொழில் மாகாணம் முழுவதும் பரவியது. போட்டி மிகுந்த வழித்தடங்களில் உரிமம் பொன்னுக்குச் சமமாயிற்று. எந்த வழித்தடத்தில் எவர் ஓட்டலாம் என்பதைத் தீர்மானிப்பவர் செல்வாக்கு மிக்கவரானார். சென்னை மாகாண உள்ளாட்சி அரசியலை ஆராய்ந்தோர் இவ்வுரிம அதிகாரம் ஆதரவாளரை வளர்க்கவும் எதிரிகளை ஒடுக்கவும் பயன்பட்டதை விரித்துரைத்துள்ளனர். அது தவறான கூற்றன்று. 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இவ்வதிகாரத்தைப் போர்டுகளிடமிருந்து பிரித்துத் தனிப் போக்குவரத்து அலுவலரிடம் சேர்த்ததற்கு இம்முறைகேடும் ஒரு காரணம். சலுகைக்குக் கருவியாயிருந்த அதே சீட்டைச் சௌந்தரபாண்டியனார் வேறொன்றுக்குக் கருவியாக்கினார் என்பதே அவரது ஆட்சியின் தனித்தன்மை.

ஆணையும் அதன் தருக்கமும்

ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் பஸ்ஸின் உரிமம் பறிக்கப்படும் என்பதே இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவர் பிறப்பித்த ஆணையின் சாரம். எளிய ஆணை போலவே தோன்றும். அதன் ஆற்றலை உணர, அதற்கு முன்னிருந்த வழிகளோடு அதனை ஒப்பிட்டு நோக்க வேண்டும்.

1924-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலை, கிணறு, குளம், பொதுக் கட்டடங்கள் ஆகியன எல்லா வகுப்பினர்க்கும் உரியன என அரசை அறிவிக்கச் செய்தது. வரலாற்றுச் சிறப்புடைய தீர்மானம் அது. எனினும் அறிவிப்பு வேறு, செயற்படுத்தல் வேறு. சாலையில் நடக்கும் உரிமையை மறுப்பவர்மீது ஒடுக்கப்பட்டவரே வழக்குத் தொடுக்க வேண்டும். அவர் கூலி வேலை செய்யும் நிலம் பெரும்பாலும் எதிராளிக்கே உரியதாயிருக்கும். கமுதி வழக்கை நடத்தப் பெருவணிகச் சமூகம் ஒன்றாலேயே பத்தாண்டுக்கு மேல் பிடித்தது. முடிவில் தோற்கவும் நேர்ந்தது. நாள்கூலி பெறும் ஒருவருக்கு நீதிமன்றம் எங்கே? மேலும் சாலை பொது என்றாலும் அச்சாலையில் ஓடும் பஸ் தனியார் உடைமை. அதில் எவரை ஏற்றுவது என்பது தம் விருப்பம் என உரிமையாளர் வாதிடலாம்.

உரிம ஆணை இவ்விரு தடைகளையும் ஒருங்கே நீக்கிற்று. பஸ் தனியார் உடைமையாயினும் அது ஓடுவது பொதுப்பணத்தில் அமைந்த சாலையில். அச்சாலையில் கட்டணம் பெற்று ஓட இசைவளிப்பது பொது அமைப்பு. எனவே அவ்விசைவுக்கு நிபந்தனை விதிப்பதும் பொது அமைப்பின் உரிமை. மெய்ப்பிக்கும் சுமை பயணியின் தோளிலிருந்து உரிமையாளர் தோளுக்கு மாறியது. சாதிப் பற்றை எவரும் கைவிட வேண்டும் என்று அது கேட்கவில்லை. பஸ் ஓட்டிப் பொருளீட்ட விரும்பினால் இருக்கையில் சாதி பார்க்கலாகாது என்று மட்டுமே கூறிற்று. வணிகர் குடும்பத்தில் பிறந்து, இழப்புக்கு அஞ்சும் மனம் எவ்வாறு கணக்கிடும் என்பதை அறிந்த ஒருவரின் ஆணை இது என்று கருத இடமுண்டு. அறவுரையைக் காட்டிலும் உரிம இழப்பு விரைவில் புரியும்.

இவ்வாணையில் சத்திரிய வாதத்தின் சுவடே இல்லை என்பதும் கருதத்தக்கது. ஆதிதிராவிடர் எக்குலத்தினர், அவர்தம் முன்னோர் யாவர் என்ற வினா இங்கே எழவில்லை. கட்டணம் செலுத்துபவர் பயணி, அவ்வளவே. 1897-க்கும் 1928-க்கும் இடையே ஒரு தலைமுறையே கடந்திருந்தது. அத்தலைமுறையில் உரிமைக்கு அடிப்படை குலப்பெருமை என்ற நிலையிலிருந்து குடிமை என்ற நிலைக்கு ஒரு சமூகத்தின் தலைவர் நகர்ந்துள்ளார். கமுதியும் சிவகாசியும் அவர் தலைமை தாங்கிய போர்டின் எல்லைக்குள்ளேயே இருந்தன. அவ்வூர்களின் நினைவு பழிவாங்கும் உணர்வாக எஞ்சியிருக்கலாம். உயர்ந்தோர் வரிசையில் இடம் தேடும் முனைப்பாகவும் எஞ்சியிருக்கலாம். இவரிடம் அது தமக்கும் கீழே தள்ளப்பட்டோர்க்காக ஆட்சிப் பொறியை இயக்கும் துணிவாயிற்று.

எல்லைக்கு அப்பால்

ஆயினும் ஆணையின் வலிமை எதுவோ அதன் வரம்பும் அதுவே. ஒரு ஜில்லா போர்டுத் தலைவரின் அதிகாரம் அம்மாவட்ட எல்லையில் முடிகிறது. இராஜபாளையத்திலிருந்து தெற்கே புறப்படும் பயணிக்கு இராமநாதபுரம் எல்லைவரை அவ்வாணை காவலாயிருந்தது. சங்கரன்கோவில் வட்டத்திற்குள் நுழைந்தபின் உரிமம் வழங்கும் அதிகாரம் திருநெல்வேலி ஜில்லா போர்டைச் சார்ந்தது. அங்கே இராமநாதபுரத்து ஆணைக்கு இடமில்லை. ஒரே சாலையில், ஒரே மண்ணில், பயணியின் உரிமை எல்லைக்கல்லுக்கு ஒருபுறம் ஒன்றாகவும் மறுபுறம் வேறாகவும் அமையக்கூடிய நிலை அது. மற்றொரு வரம்பு காலம். தலைவர் மாறினால் ஆணையின் உயிரும் ஐயத்துக்குரியதே. உரிமம் நல்லவர் கையில் நன்மையும், அல்லவர் கையில் தீமையும் செய்யும் என்ற நிலை குடியாட்சிக்கு உகந்ததன்று.

இதனால் அவ்வாணை சிறியதாகிவிடாது. மாகாணம் முழுமைக்கும் பொதுவான சட்டம் 1938-இல்தான் வந்தது. எம்.சி. ராஜா கொண்டுவந்த குடிமை இயலாமை நீக்கச் சட்டம் பொதுப் பயன்பாட்டு இடங்களில் தீண்டாமையைத் தடுத்தது. விடுதலைக்குப் பின் 1955-ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் பொதுப் போக்குவரத்தில் தீண்டாமை பார்ப்பதைக் குற்றமாக்கியது. ஓர் உள்ளாட்சி அமைப்பு இயற்றிக் காட்டியதை மாகாணம் எட்ட ஏறத்தாழப் பத்தாண்டும், நாடு எட்ட ஏறத்தாழக் கால் நூற்றாண்டும் ஆயின. பெருஞ்சட்டங்களின் வரலாறு எழுதப்படும்போது அவற்றிற்கு முன்னோடியான உள்ளாட்சி நடைமுறைகள் விடுபடுவது நம் ஆய்வுலகில் தொடரும் குறை.

செங்கற்பட்டும் பின்னரும்

ஜில்லா போர்டுத் தலைவராயிருந்தபோதே, 1929 பிப்ரவரி 17, 18 நாள்களில் செங்கற்பட்டில் கூடிய முதல் மாகாணச் சுயமரியாதை மாநாட்டுக்குச் சௌந்தரபாண்டியனார் தலைமை தாங்கினார். சாதிப் பட்டங்களைத் துறத்தல், பொதுக் கிணறு, சாலை, கோயில் ஆகியவற்றை அனைவருக்கும் திறத்தல், பெண்களுக்குச் சொத்துரிமை, கைம்பெண் மறுமணம், திருமண வயதை உயர்த்தல் முதலியன அம்மாநாட்டில் தீர்மானங்களாயின. பெரியார் தாமே 1918, 1919 ஆண்டுகளில் ஈரோடு நகராட்சித் தலைவராக இருந்து, அப்பதவியைத் துறந்தவர். உள்ளாட்சியின் ஆற்றலையும் அதன் தளைகளையும் பட்டறிந்தவர். இயக்கம் தன் முதல் மாநாட்டுக்குப் பேச்சாளரையோ புலவரையோ தலைவராகக் கொள்ளாமல், பதவியிலிருக்கும் ஓர் உள்ளாட்சித் தலைவரைக் கொண்டது தற்செயலாகத் தோன்றவில்லை. மேடைத் தீர்மானமாக இருந்தவற்றுள் ஒன்றையேனும் அரசாணையாக மாற்றிக் காட்டியவர் அவர்.

இம்மாநாட்டுக்குப் பின் இயக்க எழுத்துகளில் அவர் பெயர் சாதி ஒட்டின்றியே பெரிதும் வழங்கலாயிற்று. நாடார் மகாஜன சங்கத்தின் தலைவர் ஒருவருக்கு இது எளிய நிலையன்று. சமூகத்தின் பெயரைத் தாங்கிய சங்கத்தில் பணியாற்றிக்கொண்டே, சாதிப் பெயரைத் துறக்கச் சொல்லும் மாநாட்டுக்குத் தலைமை ஏற்றது முரண் எனச் சிலர் கருதலாம். தம் சமூகத்தை விட்டு வெளியேறிச் சீர்திருத்தம் பேசுவதினும், அதனுள் நின்று அதனைத் தம்மோடு இட்டுச் செல்ல முயல்வதே அரிது என்பதையும் இங்கே கருத வேண்டும். 1931-இல் மூன்றாம் சுயமரியாதை மாநாடு விருதுநகரில், வணிகச் சமூகத்தின் மையத்திலேயே நடந்தமை அம்முயற்சிக்கு ஓரளவு பயன் விளைந்ததைக் காட்டும்.

1930-களின் நடுவில் அரசியற் காற்று மாறியது. 1934-இல் தாலுகா போர்டுகள் ஒழிந்தன. 1937-ஆம் ஆண்டுத் தேர்தலில் நீதிக்கட்சி வீழ்ந்தது. சாத்தூர்த் தொகுதியில் காமராசர் போட்டியின்றித் தேர்வானார். இளைய தலைமுறை காங்கிரசின்பால் சென்றது. சௌந்தரபாண்டியனார் 1943 முதல் 1947 வரை மதுரை ஜில்லா போர்டின் தலைவராக மீண்டும் உள்ளாட்சிப் பணிக்குத் திரும்பினார். போர்க்காலத் தட்டுப்பாடும் பெட்ரோல் கட்டுப்பாடும் நிலவிய ஆண்டுகள் அவை. பஸ் உரிமம் அப்போது போர்டின் கையில் இல்லை. 1928-இல் அவர் ஏந்திய கருவி வேறு துறைக்குச் சென்றுவிட்டிருந்தது.

1953 பிப்ரவரி 22 அன்று அவர் மறைந்தார். அடுத்த சில ஆண்டுகளில் ஜில்லா போர்டுகளும் மறைந்தன. 1958-ஆம் ஆண்டுச் சட்டங்கள் ஊராட்சி ஒன்றியங்களையும் மாவட்ட வளர்ச்சி மன்றங்களையும் அவற்றின் இடத்தில் நிறுவின. சென்னைத் தியாகராய நகரின் பாண்டி பஜார், சௌந்தரபாண்டியனார் அங்காடி என்ற பெயரின் சுருக்கம் என்பது பரவலாக வழங்கும் விளக்கம். அவர் ஆணை எட்டாதிருந்த சங்கரன்கோவில், 2019-இல் திருநெல்வேலியிலிருந்தும் பிரிந்து தென்காசி மாவட்டத்தில் சேர்ந்தது. இராஜபாளையத்துச் சாலையில் எல்லை இன்றும் இருக்கிறது. பஸ்கள் அதில் நில்லாமல் செல்கின்றன.